வளவில் ஒரு குழி தோண்டி உங்கள் மண்ணை அறிந்துகொள்வது எப்படி

திருகோணமலை மாவட்டத்தில், உப்புவெளியில் எங்கள் வளவு முழுக்க மணல். மத்தியானத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பத்து நிமிடத்தில் ஊற்றிய இடமே தெரியாது. மூன்று வருடங்களுக்கு முதல் ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறையச் செம்மண் இறக்கி, மணலுக்கு மேல் அரை அடிக்குப் பரப்பி, கத்தரியும் மிளகாயும் நட்டேன். முதல் மாதம் பச்சைப்பசேல் என்று நின்றன. மாரி மழை தொடங்கியதும் செம்மண் ஊறிச் சேறாகி, தண்ணீர் கீழே மணலுக்குள் இறங்காமல் அப்படியே நின்று, கன்றுகள் வேர் அழுகிச் செத்தன. தப்பிய இரண்டைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர்கள் செம்மண் முடிகிற இடம்வரை வந்து, அங்கே பக்கவாட்டில் திரும்பி, ஒரு தட்டுப்போலப் படர்ந்திருந்தன.

தம்பலகாமத்தில் வயல் செய்கிற மாமா வந்து பார்த்துவிட்டு, “மேல என்ன போடுறது எண்டு பிறகு யோசிக்கலாம் பிள்ளை, கீழ என்ன கிடக்கு எண்டு முதல்ல தோண்டிப் பார்” என்றார். அன்றைக்குத் தோண்டியதுதான் என் முதல் குழி. அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீடுகளில், கேட்டுக்கொண்டு, நிறையத் தோண்டிவிட்டேன். எங்கள் மாவட்டத்துக்கு இது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் நிலாவெளி மணலுக்குச் சொல்கிற முறை கன்னியாப் பக்கத்துச் செம்மண்ணுக்குப் பொருந்தாது, அது தம்பலகாமத்து வயல் களிக்குப் பொருந்தாது, மூதூரில் மகாவலி கொண்டுவந்து கொட்டிய வண்டலோ வேறொரு கதை. பஸ்ஸில் ஒரு மணித்தியால ஓட்டத்துக்குள் இத்தனை மண்.

எப்போது, எங்கே தோண்டுவது

தைப்பொங்கல் கழிந்த பிறகு வரும் நாட்கள்தான் நல்லது. மாரியில் தோண்டினால் மணல் குழியின் சுவர் சரிந்து விழும், களியில் தண்ணீர் நிறைந்துவிடும். கச்சான் காற்று வீசுகிற கோடையில் செம்மண் கல்லாக இறுகிக் கிடக்கும், அலவாங்கு போட்டாலும் பொறிதான் பறக்கும். மழை விட்டு நாலைந்து நாள் காய்ந்த ஈரமண் கையோடு பேசும்.

கிணற்றடி, மலசலகூடக் குழி, மின்கம்பி, தண்ணீர்க் குழாய் இவை போகிற பக்கத்தை விடுங்கள். வீடு கட்டியபோது கல்லும் சீமெந்தும் கொட்டிய இடத்தையும் விடுங்கள், அங்கே கிடைப்பது மண் இல்லை. நீண்டகாலம் ஆள் புழங்காத காட்டுக்காணி என்றால் கண்ணிவெடி அகற்றி முடிந்த இடமா என்று ஊராரிடம் விசாரிக்காமல் மண்வெட்டியை வைக்கவே வேண்டாம், இதை இரண்டாம் தடவையும் வாசித்துக்கொள்ளுங்கள்.

மண்வெட்டி, அலவாங்கு, பழைய கத்தி, இரண்டு உரப்பை, மூடியோடு ஒரு கண்ணாடிப் போத்தல், கொஞ்சம் வினாகிரி, அளவுகோல். இவ்வளவு போதும். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு இரண்டரை அடி ஆழம் தோண்டுங்கள். மேலே வருகிற கறுத்த மண்ணை ஒரு உரப்பையிலும், அதற்குக் கீழே நிறம் மாறி வருவதை மற்றதிலும் போடுங்கள். கலக்கக் கூடாது, ஏன் என்பது கடைசியில் வரும். வெயில் நேராகப் படுகிற பக்கச் சுவரைக் கத்தியால் மேலிருந்து கீழாக மெல்லச் செதுக்குங்கள். மண்வெட்டி பூசிவிட்ட மேல்தோல் போனதும் உண்மையான நிறங்கள் தெரியும்.

சுவரில் என்ன தெரிகிறது, அது எங்கிருந்து வந்தது

இங்கேதான் அவசரப்படாமல் உட்கார வேண்டும். குழிச் சுவரில் நீங்கள் பார்ப்பது பல ஆயிரம் வருட வேலை. அதைப் புரிந்துகொள்ள ஒருநாள் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது இராவணன் வெட்டுப் பக்கம் நின்று பாறையைக் கவனியுங்கள் (கை வைத்து உடைக்கவோ சுரண்டவோ வேண்டாம், பார்த்தால் போதும்). பாறையில் வெடிப்புகள் இருக்கும். கடல் தூவானம் அந்த வெடிப்புக்குள் போய்க் காய்கிறது, உப்புப் படிகம் வளர்ந்து பாறையை உள்ளிருந்து நெம்புகிறது. பகல் வெயிலில் பாறை விரிகிறது, இரவில் சுருங்குகிறது. மேலே சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிற இலைக்கன் அமிலத்தைச் சுரந்து பாறையை அணு அணுவாகத் தின்கிறது. அப்புறம் ஒரு காகம் போட்ட விதையில் ஆலங்கன்று முளைத்து வெடிப்பை இன்னும் அகட்டுகிறது. அந்தக் கன்றின் அடியில் ஒரு பிடி கறுப்பாக ஏதோ சேர்ந்திருக்கும். மண் பிறக்கிற இடம் அதுதான்: உடைந்த கல், உக்கிய இலை, கொஞ்சம் ஈரம், கொஞ்சம் காற்று.

பள்ளிக்கூடத்தில் இதை வானிலையாலழிதல் என்று படித்திருப்போம். படிக்கும்போது அது ஒரு சொல், பாறைக்கு முன்னால் நின்றால்தான் அது ஒரு வேலை என்று தெரிகிறது.

கோணேசர் மலை பெரும்பாலும் குவார்ட்சைட், அதாவது குவார்ட்ஸ் என்ற கனிமமே நிறைந்த பாறை. குவார்ட்ஸ் எளிதில் கரையாது, இரசாயன மாற்றமும் அதற்கு மிகக் குறைவு, உடைந்து உடைந்து மணலாகத்தான் ஆகும். உள்ளே நிலப்பக்கம் போனால் நைஸ் எனும் பட்டை பட்டையான பாறை, சுமார் 55 கோடி வருடங்களுக்கு முன் பூமிக்கு அடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. அதில் குவார்ட்ஸோடு பெல்ஸ்பாரும் மைக்காவும் இரும்புள்ள கருங்கனிமங்களும் இருக்கின்றன. மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக வேர்கள் மண்ணுக்குள் விடுகிற மூச்சிலிருந்தும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் பெல்ஸ்பாரில் இருக்கிற பொட்டாசியம், சோடியம், கல்சியத்தைக் கழுவிக்கொண்டு போக, மிஞ்சுகிற அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்து களியாகிறது. ஆக களி என்பது நொறுங்கிய மணல் இல்லை, அது புதிதாகப் பிறந்த வேறு ஒரு பொருள். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மண் விஷயத்தில் பாதி விளங்கிவிடும். மணலை எவ்வளவு அரைத்தாலும் களி வராது.

இரும்புள்ள கனிமங்கள் ஆணி கறள் பிடிக்கிற மாதிரியே கறள் பிடிக்கின்றன. செம்மண்ணின் சிவப்பு அதுதான். அதனால் நிறத்தைப் பார்த்து இப்படி முடிவெடுக்கலாம்: சுவர் சிவப்பாக இருந்தால் அங்கே காற்று போய்வருகிறது, தண்ணீர் நீண்டநாள் நிற்பதில்லை. மஞ்சளுக்கு மாறினால் ஈரம் அதிகம். சாம்பல் நிறம் என்றால் வருடத்தில் பல மாதம் தண்ணீருக்குள் மூச்சுமுட்டிக் கிடந்த மண். மாமாவின் வயலில் ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தேன். முழுவதும் சாம்பல், ஆனால் பழைய நெல்வேர் போன ஒவ்வொரு மெல்லிய துளையைச் சுற்றியும் கறள் நிறத்தில் ஒரு கோடு. நெல் இலையிலிருந்து வேருக்குக் காற்றை இறக்குகிறது, அந்தக் காற்றுப் பட்ட இடத்தில் மட்டும் இரும்பு சிவந்திருக்கிறது. வேர் உக்கிப் போய்விட்டது, அது விட்ட மூச்சின் தடம் மண்ணில் இருக்கிறது. நான் அந்தக் கட்டியை இன்னும் வைத்திருக்கிறேன்.

மேலே ஒரு சாண் அளவுக்குக் கறுப்பாக இருந்தால் அது உக்கல். எங்கள் மணலில் அது நாலு விரல்கூட இல்லை. செம்மண் குழியில் ஒன்றரை இரண்டடிக்குக் கீழே கிரவல் மாதிரி வெள்ளைக் கற்கள் வரும், பயப்பட வேண்டாம், அது பாறையின் கரையாத குவார்ட்ஸ் மிச்சம். நிலாவெளியிலிருந்து வடக்கே போகப் போகக் கடற்கரை மணலில் கறுப்புக் கோடுகள் தெரியும். புல்மோட்டையில் அந்தக் கறுப்பைத்தான் அள்ளுகிறார்கள்: இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன். பாரமான கனிமங்கள் என்பதால் இலேசான மணலை அலை கொண்டுபோக இவை கரையில் தங்கிவிட்டன. விலையான பொருள்தான், ஆனால் கத்தரிச் செடிக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

மூதூர், வெருகல் பக்கத்தவர்களுக்கு மண் அந்த இடத்தில் பிறந்ததே இல்லை. 335 கிலோமீற்றர் ஓடி வருகிற மகாவலி, மலைநாட்டில் உடைந்ததைக் கொட்டியார் குடா வரைக்கும் சுமந்துவந்து வைத்தது. உங்கள் குழியில் மணல் ஒரு வரி, நைசான வண்டல் ஒரு வரி என்று மாறி மாறி இருந்தால் ஒவ்வொரு வரியும் ஒரு பழைய வெள்ளம்.

1941ஆம் ஆண்டில் ஹான்ஸ் ஜென்னி என்ற மண்ணியலாளர் மண்ணை உருவாக்குகிற காரணிகளை ஐந்தாகச் சொன்னார்: தாய்ப்பாறை, காலநிலை, உயிர்கள், நிலத்தின் மேடுபள்ளம், காலம். அவருக்கு முன்னே 1883இல் ரஷ்யாவில் டொக்குச்சேவ் இதே வழியில் யோசித்திருந்தார். உங்கள் குழிக்கு முன்னால் இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப்பாருங்கள். எங்கள் மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது, மிச்சக்காலம் வெயில் உக்கலை எரித்துவிடுகிறது. மேட்டில் சிவப்பு, பள்ளத்தில் சாம்பல் ஏன் என்பதும் இதற்குள் வந்துவிடும். காலம் என்பதைத்தான் நாம் மறக்கிறோம். ஒரு சென்றிமீற்றர் மண் உருவாக நூற்றுக்கணக்கான வருடங்கள் வேண்டும், சில இடங்களில் ஆயிரம். நான் இறக்கிய அந்தப் பெட்டிச் செம்மண் எங்கோ ஒரு காணியின் மேல்தோல். அதை உரித்துக் கொண்டுவந்துதான் என் கத்தரியைக் கொன்றிருக்கிறேன் என்பது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்.

கையால் பார்ப்பது

ஒவ்வொரு நிறத்திலிருந்தும் ஒரு பிடி எடுத்து, கல்லும் வேரும் நீக்கி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ரொட்டிமாப் பதத்துக்குப் பிசையுங்கள். உருண்டையே பிடிபடாமல் உதிர்ந்தால் மணல். உருண்டை பிடித்தால் அதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நாடாபோல மேலே தள்ளிக்கொண்டே போங்கள், தன் பாரத்தில் அது முறியும்வரை. இரண்டரை சென்றிமீற்றருக்குள் முறிந்தால் இருவாட்டி (மணலும் வண்டலும் களியும் கலந்த மண்), ஐந்துவரை போனால் களி கலந்த இருவாட்டி, ஐந்தைத் தாண்டினால் களி. மாமா இதை அளவுகோல் இல்லாமலே சொல்வார், பிசையும்போது காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார், மணல் இருந்தால் கிறுகிறு என்று கேட்கும். வண்டல் நனைந்தால் சவர்க்காரம்போல வழுக்கும், ஆனால் களிபோல விரலில் ஒட்டாது.

இனிப் போத்தல். மூன்றில் ஒரு பங்குக்கு அரித்த மண், அதற்கு மேல் போத்தலின் முக்கால் மட்டம் வரும்வரை தண்ணீர், ஒரு தேக்கரண்டி சலவைத்தூள். மூடி நன்றாக ஐந்து நிமிடம் குலுக்கி, அசையாத மேசையில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிந்தது மணல், பேனையால் கோடு போடுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் வண்டல், இன்னொரு கோடு. தண்ணீர் தெளிகிறபோது களி, அது ஒரு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். மேலே மிதக்கிற கறுப்புத் தூள் உக்காத இலையும் வேரும். எங்கள் வளவு மண் மொத்தம் 8 சென்றிமீற்றர் படிந்தது, அதில் 7.2 மணல், அதாவது 90 சதவீதம். மாமாவின் வயல் மண்ணும் 8தான், மணல் 2.8, வண்டல் 1.6, களி 3.6. கணக்குப் போட்டால் களி 45 சதவீதம். ஆய்வுகூடத்துத் துல்லியம் இதில் வராது, களி இளகிப் படிவதால் கொஞ்சம் கூடத்தான் காட்டும், ஆனாலும் வேலைக்கு இது போதும்.

இந்த அளவுகளுக்குப் பின்னால் இருப்பது பருமன் மட்டும்தான். 2 மில்லிமீற்றரில் இருந்து 0.05 வரை மணல், 0.002 வரை வண்டல், அதற்கும் கீழே களி. ஆனால் பருமன் குறையக் குறைய மேற்பரப்பு கண்டபடி கூடுகிறது, ஒரு கிராம் களியைப் பிரித்து விரித்தால் பத்துச் சதுரமீற்றரில் தொடங்கிச் சில நூறு வரை போகும். தண்ணீரும் பசளையும் பிடித்து நிற்பது அந்த மேற்பரப்பில்தான். மணலுக்குப் போட்ட யூரியா அடுத்த மழையில் கிணற்றுக்குப் போவது இதனால்தான்.

அடுத்தது நான் எல்லாரையும் செய்யச் சொல்கிற பரிசோதனை. இரண்டு இடத்திலிருந்து, ஒன்று அடிக்கடி கொத்திய பாத்தி, மற்றது வேலியோரம் இலை விழுந்து கிடக்கிற இடம், சுண்டுவிரல் நுனி அளவு கட்டி எடுத்து நிழலில் நன்றாக உலர்த்துங்கள். இரண்டு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து மெதுவாக இறக்குங்கள். பாத்தி மண் முதலில் ஒரு குமிழி விடும், பக்கம் பிளக்கும், ஐந்து நிமிடத்துக்குள் பொலபொலவென்று சரிந்து தண்ணீர் தேநீர் நிறமாகும். வேலியோர மண் குமிழி விடும், ஆனால் உருக்குலையாமல் உட்கார்ந்திருக்கும். நான் குவளைகளில் ‘பாத்தி’, ‘வேலி’ என்று எழுதிவைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். இரண்டும் ஒரே மணல், ஒரே களி. வேலியோரத்தில் துகள்களை ஒட்டிவைத்திருப்பது உயிர்கள்: வேர் விடுகிற பசை, பூஞ்சண நூல், பற்றீரியாவின் சளி, மண்புழுவின் எச்சம். வளமான மண் ஒரு தேக்கரண்டியில் நூறு கோடி வரை பற்றீரியா இருக்கலாம். முதல் மழைக்கு எழும்புகிற மண்வாசனையில் பெரும்பங்கு அவற்றில் ஒரு வகை செய்கிற ஜியோஸ்மின்.

நல்ல மண்ணின் கணக்கு என்று புத்தகங்களில் போடுவது கனவளவில் கனிமத்துகள் 45, தண்ணீர் 25, காற்று 25, சேதனப்பொருள், அதாவது உக்கல், 5 சதவீதம். பாதி வெற்றிடம் என்பதைக் கவனியுங்கள், மிதித்து இறுக்கினால் போவது அந்தப் பாதிதான். எங்கள் வெயிலில் அந்த ஐந்து பெரும்பாலும் எட்டாது.

வினாகிரியைக் கடற்கரைப் பக்க மண்ணில் சில சொட்டு விடுங்கள். நுரைத்தால் சிப்பித்தூள் இருக்கிறது, மண் காரப்பக்கம், சுண்ணாம்பு மேலதிகமாகப் போட வேண்டாம். கடைசியாக, குழியின் அடியில் ஒரு சிறு துளை ஒரு அடிக்குத் தோண்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, திரும்ப நிரப்பி அளவுகோலை நட்டு வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் இரண்டரை சென்றிமீற்றர்கூட இறங்கவில்லை என்றால் அங்கே முருங்கை, பப்பாசி வைக்காதீர்கள், அல்லது மேடு கட்டி வையுங்கள்.

பார்த்தாயிற்று, இனி என்ன செய்வது

மணலுக்கு மேலே வேறு மண்ணைத் தனி அடுக்காகப் போடாதீர்கள். நைசான மண்ணின் சிறு துளைகள் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கீழே இருக்கிற பெரிய துளைகளுக்கு அதை விடாது, முழுதும் ஊறி நிறைந்த பிறகுதான் விடும். என் கன்றுகள் அழுகியது அதனால். போடுவதானால் கூட்டெரு, மாட்டெரு, உக்கிய தும்புத்தூள் இவற்றை ஒரு அடி ஆழத்துக்கு மணலோடு கலந்து, மேலே சீமைக்கிளுவை இலையாலும் சருகாலும் மூடுங்கள். ஒருமுறை போட்டு முடிகிற வேலை இல்லை, மாரிக்கு முன் ஒன்று, தை கழிந்து ஒன்று என்று வருடாவருடம் வேண்டும்.

களிக்கு மணலைக் கொஞ்சமாகக் கலப்பதும் பிழை, காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகும். அங்கேயும் எருதான். ஈரமாக இருக்கும்போது கொத்தவோ நடக்கவோ வேண்டாம். செம்மண் காய்ந்தால் இறுகும், நனைந்தால் ஒட்டும், இரண்டுக்கும் நடுவில் வேலை செய்யக்கூடிய நாட்கள் குறைவு, அதனால் மூடாக்கை எடுக்கவே எடுக்காதீர்கள். மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நல்ல தண்ணீரால் கழுவி இறக்க வேண்டும். மணலில் உப்பு மழையோடு விரைவாகக் கீழே போய்விடும், களியில் பிடித்துக்கொண்டு நிற்கும்.

சரி, குழியை மூடலாம். கீழே இருந்து எடுத்த உரப்பையை முதலில் கொட்டி மெதுவாகத் தட்டுங்கள், மிதிக்க வேண்டாம். அதற்கு மேல் கறுத்த மண். இதற்காகத்தான் முதலே பிரித்து வைத்தது: உயிரும் உக்கலும் இருக்கிற நாலு விரல் மண்ணை இரண்டடிக்குக் கீழே புதைத்துவிட்டால் மேலே மறுபடி அது சேர உங்கள் பேரப்பிள்ளைகள் காலமும் போதாது. கொஞ்சம் குவிந்து நிற்கும், ஒரு மாரியில் சமமாகிவிடும். தண்ணீர் தெளித்து, சருகு போட்டு மூடி, போத்தலில் இடத்தையும் திகதியையும் ஒட்டி, பிள்ளைகள் கை எட்டாத தட்டில் வையுங்கள். அடுத்த தைக்கு அதே வளவின் மற்றப் பக்கத்தில் ஒன்று.